வாத்துப் பட்டியின் இராக்காவல்

கொல்லைப்புறத்திலே பத்துப் பதினைந்து வாத்துக்களை வைத்து வளர்க்கும் குடித்தனக்காரர்களுக்கு, வியாதியைக் காட்டிலும் துஷ்டப் பிராணிகளால் உண்டாகும் நஷ்டமே அதிக மனச்சோர்வை விளைவிப்பதாகும். வியாதி கண்டால் சில நாள் அவகாசமாவது உண்டு. நரியோ மரநாயோ புகுந்துவிட்டால் ஓரிரவிலே பட்டி காலியாகிவிடும். அறுவடையான நெல்வயல்களில் பெருந்தொகையான வாத்துக்களை மேய்த்துச் செல்பவர்கள், அவற்றை இரவில் வயல்வெளியிலேயே தாழ்ந்த வலையடைப்பினுள் தங்கவைப்பதைப் பலரும் பார்த்திருக்கலாம். அவ்வளவு எளிய அடைப்பு அவர்களுக்குப் போதுமாயிருப்பதற்குக் காரணம், மேய்ப்பவன் அதன் பக்கத்திலேயே படுத்திருப்பதுதான். வீட்டுக்காரரோ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நித்திரை செய்கிறார். ஆகையால் அந்த மேய்ப்பவனின் வேலையை அவருடைய பட்டியே செய்யவேண்டியிருக்கிறது.

கோழி பொழுது சாய்ந்தால் மரக்கிளையிலோ பரணிலோ ஏறிக்கொள்ளும். வாத்து அவ்வாறு செய்வதில்லை, தரையிலேயே படுத்துறங்கும். அதிகமாய்ப் பறக்கவும் மாட்டாது. குளத்தில் விட்டுவிட்டால் தண்ணீரே காவல் என்று சிலர் எண்ணுகிறார்கள். இது சரியன்று. விடியுமுன் அவை கரைப்புதர்களில் ஒதுங்கும். அங்கே முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்த பெட்டை முட்டையோடு பறிபோகும். தண்ணீரில் விழுந்த முட்டையும் உடையவனுக்கு உதவாது.

நஷ்டம் நேர்ந்தவுடன் வந்த பிராணி இன்னதென்று நிதானித்தறிதல் முக்கியம். வாத்து முழுதாய்க் காணாமற்போய், வேலியோரத்தில் இறகு மட்டும் சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் நரி அல்லது காட்டுப்பூனை எனக் கொள்ளலாம். பல வாத்துக்கள் கடியுண்டு, தின்னப்படாமல் கிடந்தால் அது ஊர்நாயின் வேலை. கழுத்தும் தலையும் மாத்திரம் கடிக்கப்பட்டிருந்தால் கீரியையோ மரநாயையோ சந்தேகிக்கவேண்டும். முட்டைகள் ஓடுகூட மீதியின்றி மறைந்தால் பாம்பு வந்திருக்கக்கூடும். ஓட்டில் துளையிருந்தால் காகம். பட்டியோரத்தில் புதுமண் குவிந்து வளையிருந்தால் பெருச்சாளி. பூட்டுத் திறந்து கிடந்து, இறகு ஒன்றுகூடச் சிந்தாதிருந்தால் வந்தது நான்கு கால் பிராணியன்று என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பட்டி அமைப்பதில் சாதாரணமாய் நேரும் பிழை, மெல்லிய கோழிவலையை நம்புவதேயாகும். அது வாத்தை உள்ளே நிறுத்துமேயன்றி நாயை வெளியே நிறுத்தாது. நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும். கண் பெரிதாயிருந்தால் மரநாய் கையை உள்ளே நுழைத்து, ஓரத்தில் உறங்கும் வாத்தைப் பற்றியிழுக்கும். ஆதலால் தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை சுவரெழுப்புவதோ, அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த கம்பிவலை அடிப்பதோ உத்தமம். அதற்கு மேலே காற்றோட்டத்துக்காகச் சாதாரண வலையிருக்கலாம். காற்றைத் தடுத்து நான்கு பக்கமும் மூடிவிடலாகாது. வாத்தின் எச்சம் ஈரம் மிகுந்தது, தரை நசநசத்தால் வேறு உபத்திரவங்கள் தொடரும். வாத்து ஒன்றுக்கு மூன்று சதுர அடி இடமாவது வேண்டும்.

தோண்டும் பிராணி சுவரின் அடியிலேயே தோண்டத் தொடங்கும். சற்று விலகித் தோண்டவேண்டுமென்ற யோசனை அதற்குத் தோன்றுவதில்லை. எனவே கம்பிவலையைப் பட்டியின் அடியிலிருந்து வெளிப்புறமாய் ஒன்றரை அடி அகலம் தரையில் படுக்கவைத்து, மண்ணால் மூடிவிட்டால் போதும். அதற்கு வசதியில்லாதவர்கள் ஓரடி ஆழம் வெட்டி, கருங்கல் ஜல்லியிட்டு இறுக்கலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் மண் இளகுவதால் இவ்வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடவேண்டும். மேற்கூரை வெறும் கீற்றாயிருந்தால் மரநாய் அதைப் பிரித்திறங்கும். கீற்றின் கீழே வலை விரித்திருத்தல் அவசியம். கதவின் அடிச் சந்தைக் கல்லால் அடைத்து, கொக்கியோடு பூட்டும் போடவேண்டும். கைமுட்டி புகும் சந்து கீரிக்கு ராஜபாட்டை.

எவ்வளவு உறுதியான பட்டியும் சாயங்காலம் திறந்து கிடந்தால் பிரயோஜனமில்லை. தினந்தோறும் இருட்டுமுன் ஒரே வேளையில் பட்டிக்குள்ளே கொஞ்சம் தவிடும் நொய்யும் வைத்துவந்தால், சில நாட்களில் வாத்துக்கள் தாமாகவே வந்து சேரும். காலையில் ஒன்பது மணிவரை திறக்காதிருப்பது நன்று. வாத்து பெரும்பாலும் அந்நேரத்துக்குள் முட்டையிட்டுவிடுமாதலால், முட்டையும் குளத்தில் போகாமல் கைக்குக் கிடைக்கும். இருளில் சிறு ஓசைக்கும் அவை மிரண்டு ஒன்றன்மேலொன்று விழுமாகையால், மங்கலான விளக்கொன்று எரிவது நலம்.

குஞ்சுகளுக்குப் பகலிலும் அபாயமுண்டு. காகமும் பருந்தும் முதல் மூன்று நான்கு வாரங்கள் விடா. அதுவரை பஞ்சாரத்தின் கீழோ, மேலே வலை கட்டிய முற்றத்திலோ வைத்திருக்கவேண்டும். நாட்டுப்புறங்களில் வாத்து முட்டையைக் கோழியிடம் அடைவைத்து, 28 நாளில் பொரிக்கச் செய்வது வழக்கம். குஞ்சு தண்ணீரில் இறங்கினால் அந்தக் கோழித்தாய் கரையில் நின்று கத்துமேயன்றி காப்பாற்ற இயலாது.

வாத்துக்களை இழந்த ஆத்திரத்தில் பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை மாமிசத்தில் கலந்து வைப்போர் உண்டு. இது மிகவும் தகாத காரியம். நரி தப்பினாலும் வீட்டு நாயும் பருந்தும் அதைத் தின்று மடியும். மருந்து வாய்க்காலிலும் கலக்கும். அன்றியும் நரி, கீரி, காட்டுப்பூனை, உடும்பு முதலியவை 1972-ஆம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் காப்புக்கு உட்பட்டவை. அவற்றைக் கொல்வது தண்டனைக்குரிய குற்றமாகும். பெருச்சாளியையும் வயலெலியையும் தின்று பயிரைக் காப்பதும் இப்பிராணிகளே. வாத்துக்காரர் கொன்ற கீரியின் நஷ்டம் பக்கத்து நெல்வயலில் தெரியவரும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. கசாப்புக் கழிவையும் செத்த கோழிகளையும் ஊரோரத்தில் எறிவதால் நாய்களும் நரிகளும் அங்கே பழகி, பின்னர் கொல்லைகளுக்குள் வருகின்றன. அவற்றை ஆழப் புதைக்கும்படி செய்தல் அவர்களால் ஆகக்கூடியதே. ஒருமுறை வாத்து ருசி கண்ட பிராணி அடுத்த இரவிலும் பெரும்பாலும் அதே வழியில் திரும்பி வரும். ஆதலால் நஷ்டம் நேர்ந்த அன்று பொழுது சாயுமுன் துவாரத்தைக் கண்டுபிடித்து அடைக்கவேண்டும், அல்லது மிஞ்சிய வாத்துக்களை அன்றிரவு வீட்டுத் திண்ணையறையில் அடைத்து வைக்கவேண்டும்.