காய்ச்சல் காட்டாத கிருமி: தோள்மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பின்…

1893-இல் பாரீஸில் ழூல் பெயான் என்ற அறுவை மருத்துவர், காசநோய் அரித்த தோள்மூட்டை எடுத்துவிட்டு, பிளாட்டினத்தாலும் கெட்டி ரப்பராலும் ஆன மூட்டை ஒரு ரொட்டிக் கடைத் தொழிலாளிக்குப் பொருத்தினார். கை வேலை செய்தது. தொற்று மட்டும் விடவில்லை. சுமார் இரண்டு ஆண்டுகளில் அதைக் கழற்ற வேண்டியதாயிற்று.

இன்று நிலைமை எவ்வளவோ மேல். பொருத்திய மூட்டுகளில் பத்தில் ஒன்பது, பத்து ஆண்டுகள் தாண்டியும் தாக்குப்பிடிக்கின்றன. ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்த வலி பெரும்பாலோருக்கு விட்டுப்போகிறது. கை எவ்வளவு தூக்க வரும் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். தோளைச் சுற்றியுள்ள தசைநாண்கள் கிழிந்துபோனவர்களுக்கு, பந்தும் கிண்ணமும் இடம் மாறிய ‘ரிவர்ஸ்’ மூட்டு வைக்கிறார்கள். பிரான்ஸின் போல் கிராமோன் 1985-இல் கொண்டுவந்த வடிவம் இது. டெல்டாய்டு தசையே கையைத் தூக்கிவிடும். ஆனால் முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோவது, கழுவிக்கொள்வது உட்பட, பலருக்குச் சிரமம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை.

கிண்ணம் தளர்வது, மூட்டு நழுவுவது, நரம்பு பாதிப்பு, ரிவர்ஸ் மூட்டில் தோள் உச்சி எலும்பு விரிசல் விடுவது ஆகியவையும் நேரலாம். வயதும் முக்கியம். இங்கிலாந்து நோயாளிகளை வைத்து 2019-இல் வெளிவந்த ஆய்வின்படி, 55–59 வயதில் சிகிச்சை பெறும் ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படலாம்.

எனக்கு அதிகக் கவலை தருவது கியூட்டிபாக்டீரியம் ஏக்னஸ் என்ற கிருமி. முகப்பருவோடு தொடர்புடைய அது, தோள், அக்குள் பகுதித் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள் குடியிருப்பதால், மேலே தடவும் மருந்து முழுதாக எட்டுவதில்லை. உள்ளே போய்விட்டால் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருக்கலாம். வலியும் இறுக்கமும் மட்டும் மெல்லத் திரும்பும். கல்ச்சர் பரிசோதனையிலும் மெதுவாகத்தான் வளரும். அதனால் மாதிரியை இரண்டு வாரம் வரை வைத்துப் பார்க்க வேண்டும்.

போன வலி திரும்பி வந்தால், ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று விடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். அப்படிப் போட்டால், கிருமி பரிசோதனையில் சிக்காமல் போகலாம். அறுவை செய்த மருத்துவரிடமே நேராகப் போங்கள்.