கணிப்பொறி நம்மை எவ்வாறு அறிகிறது?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

அறிவியல் வளர்ச்சியின் பயனாக இன்று வங்கியும் அரசு அலுவலகமும் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. முன்பெல்லாம் ஆரணியில் நெசவாளி ஒருவர் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சென்றால், எழுத்தர் முகத்தைப் பார்த்தே, "இன்னார் மகன், இன்ன தெரு" என்று கண்டுகொள்வார். பிறகுதான் பதிவேட்டைப் புரட்டுவார். கணிப்பொறிக்கு முகமும் தெரியாது, தெருவும் தெரியாது. அப்படியாயின் வந்திருப்பவர் உரியவர்தாம் என்பதை அது எவ்வாறு அறிகிறது? அதனை இங்குக் காண்போம்.

மூன்று வினாக்கள்

கணிப்பொறி நம்மிடம் மூன்று வினாக்களைக் கேட்கிறது. முதலாவது, "நீ யார்?" என்பது. கணக்கு எண்ணோ கைப்பேசி எண்ணோ இதற்கு விடையாகும். இரண்டாவது, "நீதான் அவர் என்பதற்குச் சான்று என்ன?" என்பது. மூன்றாவது, "உனக்கு எதுவரை உரிமை?" என்பது. சங்க உறுப்பினர் தம் கணக்கை மட்டுமே பார்க்கலாம். எழுத்தர் வரவு வைக்கலாம். தணிக்கையாளர் அனைத்தையும் படிக்கலாம், ஆனால் எதையும் திருத்த இயலாது. நம் மக்கள் முதலிரண்டையும் ஒன்றெனக் கருதிவிடுகின்றனர். கணக்கு எண் வீட்டு இலக்கம் போன்றது. அதைப் பலர் அறிவர். சான்றோ திறவுகோல் போன்றது.

அச்சான்று மூவகைப்படும்: மனத்தில் இருப்பது, கையில் இருப்பது, உடலில் இருப்பது.

மனத்தில் இருப்பது

கடவுச்சொல் இவ்வகையைச் சேர்ந்தது. 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பலர் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்துகொள்ளும் முறையை பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் உருவாக்கினர். ஒருவர் கோப்பை மற்றவர் பாராதிருக்கக் கடவுச்சொல் வைத்தனர். ஆனால் 1962-லேயே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், கூடுதல் கணிப்பொறி நேரம் பெறும் ஆசையால், கடவுச்சொற் பட்டியல் முழுவதையும் அச்சிட்டு எடுத்துவிட்டார்! சொற்களை உள்ளபடியே எழுதி வைத்திருந்ததே அதற்குக் காரணம்.

இன்று நன்கு அமைந்த தளங்கள் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. நம் ஊர்ச் சாயப்பட்டறையை எண்ணிப் பாருங்கள். குறித்த அளவில் இரண்டு சாயங்களைக் கலந்தால் எப்போதும் அதே நிறம் வரும். ஆனால் கலந்த நிறத்திலிருந்து அவற்றைத் தனித்தனியே பிரித்தெடுக்க இயலாது. அதுபோலவே கடவுச்சொல்லை ஒரு கணித முறையால் உருமாற்றி, மாறிய உருவை மட்டுமே வைத்திருப்பர். நாம் மீண்டும் நுழையும்போது, தட்டிய சொல்லை அவ்வாறே உருமாற்றி ஒப்பிடுவர். இருவர் ஒரே சொல்லைத் தேர்ந்தாலும் உரு வேறுபடுவதற்காக, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எழுத்துத் துணுக்கைச் சேர்ப்பர். இதற்கு 'உப்பு' என்று பெயர்! யூனிக்ஸ் முறையில் இது கையாளப்பட்டதை ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979-ல் விளக்கி எழுதினர்.

கையில் இருப்பது

சொல்லைத் திருடலாம், ஊகிக்கலாம். ஆகவே இரண்டாவது சான்று தேவைப்பட்டது. இந்திய ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, 2009 ஆகஸ்டு முதல் இணையத்தில் அட்டை வழியாகப் பணம் செலுத்துவதற்குக் கூடுதல் சான்று கட்டாயமாயிற்று. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண் இவ்வழியில் பரவியதே. அது சில நிமிடங்களே செல்லும்; ஒருமுறைதான் பயன்படும். "இக்கைப்பேசி என் கையில் உள்ளது" என்பதே அதன் பொருள். அதனைப் பிறருக்குச் சொல்வது, கைப்பேசியையே சற்று நேரம் அவர் கையில் கொடுப்பதற்குச் சமம்.

உடலில் இருப்பது

2009-ல் தோன்றிய தனித்துவ அடையாள ஆணையம், முதல் ஆதார் எண்ணை 2010 செப்டம்பர் 29 அன்று மகாராட்டிரத்தின் தெம்ப்ளி சிற்றூரில் வழங்கியது. பத்து விரல் ரேகைகள், இரு கருவிழிகள், முகம் ஆகியவை பதிவாகின்றன. பொருள் வாங்கும் இடத்தில் விரல் வைத்தால், அந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணுக்குரிய பதிவோடு ஒப்பிட்டு, 'ஆம்' அல்லது 'இல்லை' என்று விடை வரும்.

இங்குதான் நம் ஊரின் துன்பம் தொடங்குகிறது. என் தாயார் பாவு பிணைப்பவர். பழைய பாவின் ஒவ்வோர் இழை முனையோடும் புதிய இழையைச் சேர்த்து, சாம்பலைத் தொட்டுத் தொட்டு விரல் நுனியால் முறுக்க வேண்டும். ஒரு பாவில் இத்தகைய முடிச்சுகள் ஆயிரக்கணக்கில். விரல் ரேகை தேய்ந்துவிட்டது. கருவி 'இல்லை' என்கிறது. பொய் சொல்லாத என் தாயாரை, அவரது உழைப்பே பொய்யராக்கி நிறுத்துகிறது.

ஒன்றை நாம் அறிந்திருத்தல் நலம். கருவி கூறும் 'இல்லை' என்பதற்கு 'இவர் அவரல்லர்' என்று பொருளில்லை. 'பொருத்தம் கிட்டவில்லை' என்பதே பொருள். இதனை உணர்ந்தே அடையாள ஆணையம் 2017 அக்டோபரில் விடுத்த சுற்றறிக்கையில், சான்று பொருந்தவில்லை என்பதற்காக உரியவருக்குப் பொருளை மறுக்கலாகாது எனவும், மாற்று வழி தரவேண்டும் எனவும் கூறியது. கருவிழி, ஓ.டி.பி. போன்ற வழிகள் உண்டு. கேட்கத் தெரிந்தவருக்கே அவை கிடைக்கின்றன. மேலும், களவு போன கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். களவு போன ரேகைக்கு வேறு விரல் முளைக்காது. ஆதலின் வேண்டாத காலத்தில் உயிரியல் பதிவைப் பூட்டி வைக்கும் வசதியை ஆணையம் அளித்திருக்கிறது.

நம் கடமை

நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். தறியை விட்டு இறங்கி வரும் பெரியவர்கள், "நீயே பாத்துப் போடு தம்பி" என்று கைப்பேசியை நம்மிடம் நீட்டுகின்றனர். நாம் போட்டுக் கொடுப்பதோடு நின்றால் போதாது. ஓ.டி.பி. எண்ணை அவர்களே படித்து, அவர்களே தட்டப் பழக்க வேண்டும். கணினி மையத்தில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறிவிட வேண்டும். பிறந்த நாளைக் கடவுச்சொல்லாக வைக்காமல், தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக அமைக்க வேண்டும். ஒரே சொல்லைப் பல இடங்களில் வைத்தலாகாது. பணம் பறிபோனால் தாமதியாது 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

பட்டில் ஓர் இழை அறுந்தால் தேடிப் பிணைக்கத் தெரிந்தவர்கள் நம் பெற்றோர். அவர்களுக்கு இதுவும் விளங்கும்; பொறுமையாக எடுத்துச் சொல்ல ஆள்தான் வேண்டும். அவ்வாளாக நாம் இருப்போமாக!