மிதவை சுவிட்ச், டிரை ரன், மொபைல் ஸ்டார்ட்டர்: ஸ்டார்ட்டர் பெட்டியில் எந்த ஒயரை எங்கே இணைப்பது?

கிணறு வற்றினால் மோட்டார் தானாக நிற்க வேண்டும், தொட்டி நிரம்பினாலும் நிற்க வேண்டும், வீட்டிலிருந்தே போனில் ஓட்டவும் நிறுத்தவும் வேண்டும் என்று இப்போது மோட்டார் கொட்டகையில் மூன்று நான்கு கருவிகளை மாட்டுகிறோம். எல்லாம் இருந்தும் மோட்டார் எரிந்து, காயில் கட்டக் கொடுக்க வேண்டி வந்தால், ஒயர் மாறி இணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இணைக்கும் வேலையை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். ஆனால் விவரம் தெரிந்திருந்தால் நீங்கள் அருகில் நின்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

இன்புட், அவுட்புட்

மிதவை சுவிட்சும் தண்ணீருக்குள் தொங்கும் சென்சாரும் கருவிக்குத் தகவல் கொண்டு வருகின்றன. இது இன்புட். கருவிக்குள் இருக்கும் சிறிய ரிலே, ஸ்டார்ட்டரின் கன்டாக்டர் காயிலுக்கு மின்சாரத்தைக் கொடுக்கிறது அல்லது துண்டிக்கிறது. இது அவுட்புட். மோட்டாருக்குப் போகும் மின்சாரம் இந்தச் சிறிய ரிலே வழியாகப் போகவே கூடாது. 5 எச்.பி. மும்முனை மோட்டார் ஓடும்போது சுமார் 8 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும்போது அதைப்போல் ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். ரிலேயின் முனைகள் அதில் உருகி ஒட்டிக்கொண்டால், எந்தக் கட்டளை கொடுத்தாலும் மோட்டார் நிற்காது.

இன்புட் முனைகள் பெரும்பாலும் வெறும் சுவிட்சை மட்டுமே எதிர்பார்ப்பவை. அங்கே பேஸ் ஒயரைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் போர்டு கருகிவிடும்.

காயில் எத்தனை வோல்ட்?

மும்முனை ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் காயில் 415 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு நடுவே இணைந்திருக்கும். மிதவை சுவிட்சும் கருவிகளின் ரிலேயும் பெரும்பாலும் 250 வோல்ட் வரைதான் தாங்கும். எனவே காயிலின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். 415 என்றிருந்தால் மிதவை சுவிட்சை நேரடியாகக் காயிலோடு கோர்க்க வேண்டாம். கேபிளில் ஒரு கீறல் விழுந்தாலும் மின்சாரம் கிணற்றுத் தண்ணீருக்குள் வந்துவிடும். தூர் வாரவோ, புட்வால்வைப் பார்க்கவோ இறங்குபவரின் உயிருக்கே ஆபத்து. சிறிய டிரான்ஸ்பார்மர் வைத்து, 12 அல்லது 24 வோல்ட்டில் மிதவை ஒரு ரிலேயை இயக்கட்டும். காயிலை இயக்குவது 415 வோல்ட் தாங்கும் துணை கன்டாக்டராக இருக்கட்டும். கூடுதல் செலவுதான், ஆனால் இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

நிறுத்துவது தொடரில், ஓட்டுவது பக்கத்தில்

மோட்டாரை நிறுத்த வேண்டிய எல்லா முனைகளும் ஸ்டாப் பட்டனோடு ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் வர வேண்டும்: கிணற்று மிதவை, தொட்டி மிதவை, டிரை ரன், சிங்கிள் பேஸிங் பிரிவென்டர், மொபைல் ஸ்டார்ட்டரின் 'ஆஃப்' ரிலே. இதில் எது ஒன்று பிரிந்தாலும் காயில் விடும், மோட்டார் நிற்கும். மொபைல் ஸ்டார்ட்டரின் 'ஆன்' ரிலே மட்டும் ஸ்டார்ட் பட்டனுக்குப் பக்க இணைப்பாக வர வேண்டும். சுலபம் என்று நினைத்து அதைப் பேஸிலிருந்து நேராகக் காயிலுக்குக் கொடுத்துவிட்டால், அந்த ரிலே மூடியிருக்கும் வரை மற்ற எந்தப் பாதுகாப்பும் வேலை செய்யாது. இரண்டு பேஸிலும் ஓட்டிக்கொள்ளலாம் என்று பிரிவென்டரின் முனைகளைத் துண்டு ஒயரால் சேர்த்து வைப்பதும் இதே கதைதான்.

கிணற்று மிதவை மேலே இருக்கும்போது மூடியும், தாழ்ந்தால் பிரிந்தும் இருக்க வேண்டும். தொட்டி மிதவை இதற்கு நேர் எதிர். மூன்று ஒயர் உள்ள மிதவையில் நிறத்தை நம்பாமல், கையால் தூக்கியும் தாழ்த்தியும் மல்டிமீட்டரில் பார்த்து ஒயரைத் தேர்ந்தெடுங்கள். டிரை ரன் கருவியில், கருவிக்கு மின்சாரம் இல்லாதபோது பிரிந்தே இருக்கும் முனையை எடுங்கள். கருவி பழுதானாலும், எலி ஒயரைக் கடித்தாலும் மோட்டார் நிற்குமே தவிர, தண்ணீரில்லாமல் ஓடாது.

சென்சார் ஒயரை மோட்டார் கேபிளோடு ஒரே பைப்பில் கொண்டுபோக வேண்டாம். பக்கத்து கேபிளின் தாக்கத்தால் கருவி தவறாக நிறுத்தும், ஓட்டும்.

ஓட்டிப் பார்க்கும் முன்

மெயின் சுவிட்சை நிறுத்தி, ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டார் ஒயர்களைக் கழற்றி, முனைகளைத் தனித்தனியே டேப் சுற்றி வையுங்கள். பிறகு மின்சாரம் கொடுத்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் கன்டாக்டர் மட்டும் சத்தத்தோடு இழுக்கும். இப்போது கிணற்று மிதவையைத் தாழ்த்துங்கள். உடனே விட வேண்டும். தொட்டி மிதவையைத் தூக்கினாலும் அப்படியே. மின்சாரத்தை நிறுத்தி ஒரு சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கன்டாக்டர் இழுக்கவே கூடாது. ஆம்பியரைப் பார்த்து நிறுத்தும் வகை டிரை ரன் கருவி என்றால், மோட்டார் இல்லாததால் ஆம்பியர் பூஜ்யமாகி, வைத்திருக்கும் நேரம் முடிந்ததும் அதுவே விட வேண்டும். விடாத முனையை அன்றைக்கே மாற்றி இணைக்கச் சொல்லுங்கள்.

ஆட்டோ முறையில் வைத்தால், மும்முனை மின்சாரம் திரும்பியதும் ஊரில் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பி வோல்டேஜ் இறங்கும். உங்கள் கருவியில் தாமத நேரத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். அதோடு, மொபைல் ஸ்டார்ட்டர் உள்ள மோட்டாரை ஊரிலிருந்து யாராவது போனில் ஓட்டிவிடக்கூடும். பம்ப்பையோ பெட்டியையோ தொடும்முன் மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.