வைக்கோல் தூசும் நெஞ்சு சி.டி. ஸ்கேனும்

மருந்தடிக்காம விவசாயம் பண்றோம், நமக்கு நுரையீரல்ல என்ன வரப்போகுது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வரும். மழையில் நனைந்து உள்ளே சூடேறிய வைக்கோல் போரைப் பிரிக்கும்போதும், காய்ந்துபோன கம்போஸ்ட் குவியலைக் கிளறும்போதும் புகை மாதிரி ஒரு தூசு கிளம்புமே, அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் வித்துகள் ஏராளம். சிலருடைய உடம்பு அவற்றை எதிரியாக நினைத்துச் சண்டை போடும். நுரையீரல் புண்ணாகி வீங்கும். இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்டவர்களிடம் இதைக் கண்டு 1932-ல் கேம்ப்பெல் என்ற மருத்துவர் எழுதினார். நோயின் பெயரே 'உழவர் நுரையீரல்'.

தூசில் வேலை செய்து 4 முதல் 8 மணி நேரம் கழித்துக் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல். ஓரிரு நாளில் அடங்கிடும். சளிக்காய்ச்சல்னு விட்டுடுவோம். வருசக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரல் தழும்பேறி விறைத்துவிடும். அந்தத் தழும்பு ஆறாது.

இந்த நோய் இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாக வருவதுண்டு. ஏன்னா எக்ஸ்ரே வெறும் நிழல். முன் விலா, இதயம், பின் விலா எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். சி.டி.யில் கதிர்க்குழாய் உடம்பைச் சுற்றிவருகிறது. கணினி நெஞ்சை ஒரு மில்லிமீட்டர் அளவு மெல்லிய துண்டுகளாகக் கணக்கிட்டு, அடுக்கி, முப்பரிமாணமாகக் காட்டுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு: தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. காற்று நிறைந்த இடம் கறுப்பு. புண்ணான இடம் ஆவி படிந்த கண்ணாடி போல மங்கல் சாம்பல். இந்த அளவுகோலுக்குப் பெயர் தந்த ஹவுன்ஸ்ஃபீல்டு, பண்ணையில் அங்கிருந்த இயந்திரங்களைப் பார்த்தே வளர்ந்தவர்! 1979-ல் கார்மாக்கோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

மூச்சை முழுசா வெளியே விடச் சொல்லியும் ஒரு படம் எடுப்பார்கள். நல்ல இடம் சுருங்கி வெளுக்கும். சிறு காற்றுக்குழாய் அடைபட்ட இடத்தில் காற்று சிக்கிக் கறுப்பாகவே நிற்கும். தண்ணி பாய்ந்த பாத்தியும் பாயாத பாத்தியும் போலத் திட்டுத்திட்டாகத் தெரியும். அதை வைத்துத்தான் மருத்துவருக்குச் சந்தேகம் வரும்.

ஆனால் ஸ்கேன் காரணத்தைச் சொல்லாது. புறா எச்சத்தாலும் இதே படம் வரலாம். அதனால வைக்கோல், கம்போஸ்ட், கோழிக்கொட்டகை, எத்தனை மணி நேரம் கழித்து இருமல் என்பதையெல்லாம் நாம்தான் சொல்லணும். அவசரத்தில் அவர்கள் கேட்காமலும் விடலாம். அதற்காக ஒவ்வொரு இருமலுக்கும் சி.டி. கேட்டு நிற்க வேண்டாம். சாதாரண நெஞ்சு சி.டி.யில் எக்ஸ்ரேயைப் போல 50 மடங்குக்கு மேல் கதிர் உடம்பில் படும். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு முதலில் சளிப் பரிசோதனை.

உழவர் நுரையீரல்தான் என்று உறுதியானால், மாத்திரையைவிட முக்கியம் அந்தத் தூசை விட்டு விலகுவது. வைக்கோலை நன்றாகக் காயவைத்தே போர் போடுங்க. பூஞ்சணம் பிடித்ததைக் கிளறுமுன் தண்ணீர் தெளிங்க. துண்டு கட்டினால் இந்த வித்து நிற்காது. என்95 முகக்கவசம் வேணும்.