கதவைத் தட்டிச் செல்லுதல்

முதியோர் இல்லம் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே நம்மில் பலர் முகம் சுளிக்கின்றோம். கைவிடப்பட்டோர் ஒதுங்கும் இடம் என்னும் பொருளே நம் உள்ளத்தில் ஊறிக் கிடக்கின்றது. அண்மையில் நம் குடும்பத்து மூத்தவர் ஒருவர், வாப்பாவின் தங்கையான மாமி, தம் எண்பத்து நான்காம் அகவையில் அத்தகைய இல்லம் ஒன்றில் குடியேறினார். அவரைக் காணச் சென்ற இடத்தில் நாம் செய்த பிழைகளும் கற்ற செய்திகளுமே இக்கட்டுரைக்கு வித்தாயின.

இல்லங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. ஆதரவற்றோர்க்கு அரசும் அறநிலையங்களும் நடத்துவன உள. உடல் நலத்தோடு இருப்போர் கட்டணம் செலுத்தி வாழும் குடியிருப்புகள் உள. படுக்கையில் கிடப்போர்க்கான மருத்துவப் பராமரிப்பு நிலையங்களும் உள. இவற்றிற்கு இடைப்பட்டது மற்றொரு வகை. குளிக்கவும் உடுக்கவும் வேளை தவறாது மாத்திரை உண்ணவும் துணை தேவைப்படினும், ஏனையவற்றில் தம் விருப்பப்படி வாழ வல்லார்க்கு அமைந்த உதவி வாழ்விடம் அது. குளியலறையில் இருமுறை வழுக்கி விழுந்தவரும், மக்கள் மூவரையும் கடல் கடந்த நாடுகளில் உடையவருமான நம் மாமிக்கு அதுவே பொருந்திற்று.

இவ்வகை வாழ்விடத்திற்கு முன்னோடியாகச் சுட்டப்படுவது, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் 1983ஆம் ஆண்டு 112 குடியிருப்புகளோடு திறக்கப்பட்ட ஓர் இல்லமாகும். அதனைத் தொடங்கியவர் கெரன் பிரவுன் வில்சன் என்னும் அம்மையார். பக்கவாதத்தால் முடங்கி, பராமரிப்பு நிலையங்களிலேயே நெடுங்காலம் வாழ நேர்ந்த தம் தாயின் துயரமே அவரை இப்பணிக்கு உந்திற்று. அவர் செய்த புதுமை பெரிதொன்றும் அன்று. ஒவ்வொருவர் அறைக் கதவிற்கும் பூட்டு அமைத்து, அதனை அங்கு வாழ்பவர் கையிலேயே ஒப்படைத்தார். தம் சொந்தக் கட்டிலையும் நாற்காலியையும் கொண்டுவரலாம். எப்போது உண்பது, யாரை உள்ளே விடுவது என்பதைத் தாமே முடிவு செய்யலாம். மருத்துவமனையில் நோயாளியின் அறைக்குள் எவரும் எப்போதும் நுழைவர். வீட்டில் அங்ஙனம் நுழைதல் இயலாது. பூட்டு என்னும் சிறு பொருள் நோயாளியை வீட்டுக்காரர் ஆக்கிவிட்டது!

இதனை முன்னரே படித்திருந்தும் முதல் நாள் நாம் செய்தது என்ன? மேலாளர் முன்னே நடக்க, கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தோம். மாமி அருகிலிருக்க, "சாப்பிடுகிறார்களா? இரவில் தூங்குகிறார்களா?" என்று செவிலியரிடம் வினவினோம். அலமாரியைத் திறந்து துணிகளை எண்ணினோம். மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். மாமியோ தம் கட்டிலின் ஓரத்தில், பிறர் வீட்டிற்கு வந்தவர்போல் ஒடுங்கி அமர்ந்திருந்தார். விடைபெறும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "நாகூர்ல நம்ம ஊட்டுக்கு வந்தா வாசல்ல நின்னு சலாம் சொல்லிட்டுத்தானே உள்ள வருவீங்க?"

பிறர் இல்லத்துள் நுழையுமுன் இசைவு பெற்று, சலாம் உரைத்தல் வேண்டும் என்பது நாம் பள்ளிப் பருவத்திற்கு முன்பே ஓதக் கற்ற ஒழுக்கம். அது மாமியின் புதிய கதவிற்கும் உரியது என்பது நமக்குத் தோன்றாமற் போயிற்று.

அடுத்த முறை கதவைத் தட்டி, சலாம் உரைத்து, அழைக்கும்வரை வெளியே நின்றோம். இம்முறை ஊரிலிருந்து அவருடைய பீங்கான் கோப்பைகள் நான்கினையும் சர்க்கரை சேராத ரொட்டிகளையும் கொண்டு சென்றிருந்தோம். நீரிழிவு உடையவர்க்கு இனிப்புப் பொட்டலம் கொண்டு சென்று, அதை அவர் உண்ணாமல் செவிலியர் எடுத்துச் செல்வதைப் பார்த்திருப்பதில் யாருக்கு என்ன இன்பம்? மாமி அடுக்களைக்குச் சொல்லித் தேநீர் வரவழைத்துத் தம் கோப்பைகளில் ஊற்றச் செய்தார். அடுத்த அறை அம்மையாரையும் அழைத்தார். விருந்தோம்பலைத் தனியோர் அதிகாரமாக வகுத்த வள்ளுவர், ஓம்பும் உரிமை பறிபோனவரின் வறுமையையும் அறிந்தே இருப்பார் என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

பேசும் முறையிலும் நுட்பம் உண்டு. செவித்திறன் குறைந்தோரிடம் கூவிப் பேசுதல் நம் வழக்கம். கூவுங்கால் குரல் உச்சத்திற்கு ஏறுகின்றது. முதுமையில் முதலில் எட்டாமற் போவனவும் உச்ச ஒலிகளே. ஆதலின் எதிரே அமர்ந்து, நம் முகத்தில் வெளிச்சம் படுமாறு இருந்து, தாழ்ந்த குரலில் நிறுத்திப் பேசுதலே பயன் தரும். தொலைக்காட்சியை முதலில் அணைக்க வேண்டும். அதற்கும் அவரிடம் கேட்டே அணைக்க வேண்டும்.

என்ன பேசுவது என்று திகைப்போர் புறநானூற்றின் 243ஆம் பாடலை எடுத்துப் பார்க்கலாம். கோலூன்றி, இருமலிடையே சில சொல் மொழியும் முதியவர் ஒருவர், தாம் இளமையில் ஆழ்மடுவில் குதித்து மணல் அள்ளி வந்த நாளை நினைந்து இரங்குகின்றார். அம்முதுமைக் கோலைப் பாடிய தொடராலேயே அப்புலவர் தொடித்தலை விழுத்தண்டினார் எனப் பெயர் பெற்றார். காலையில் உண்டது எதுவென மாமிக்கு நினைவில்லை. ஆனால் 1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினக் கரையைத் தாக்கிய புயலன்று, பன்னிரண்டு வயதுச் சிறுமியாகத் தாம் எந்த வீட்டில் ஒதுங்கினோம், யார் வீட்டு ஓடுகள் பறந்தன என்பதை ஒரு மணி நேரம் சொன்னார். 'காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?' என்று கேட்பது அவரைத் தேர்வில் தோற்கச் செய்வதாகும். நாம் தொழிலால் தேர்வாளராயினும் அங்கேனும் அதனை விட்டுவிடலாம்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், திங்களுக்கு 10,000 ரூபாய்க்கு மிகாமல் பராமரிப்புத் தொகை வழங்குமாறு மக்களுக்கு ஆணையிட வழி செய்கின்றது. சீன நாட்டிலோ, பிரிந்து வாழும் மக்கள் பெற்றோரை அடிக்கடி சென்று காணவோ நலம் உசாவவோ வேண்டும் என்ற சட்டம் 2013 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்றைய தினமே ஊசி நகர நீதிமன்றம் ஒன்று, இரு திங்களுக்கு ஒரு முறையேனும் தாயைச் சென்று காணுமாறு மகள் ஒருவருக்கு ஆணையிட்டது. ஆணைக்கு அஞ்சி வந்த மகளை அத்தாய் எங்ஙனம் வரவேற்றிருப்பார்!

எல்லாவற்றினும் கடினமானது ஒரு வினா. "என்னை எப்ப ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்க?" என்று மாமி கேட்டபோது, துபாயிலிருந்து தொலைபேசியில் பேசிய இளைய மகன், "பெருநாளைக்குள்ள போயிடலாம்மா" என்றார். நாமும் அருகிருந்து தலையாட்டினோம். மாமி நாட்காட்டியில் நாள்களை அடித்துக்கொண்டே வந்தார். பெருநாள் வந்தது, வீடு திறக்கப்படவில்லை. அதன்பின் இரு முறை சென்றபோதும் அவர் நம்மோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் முறை உண்மையைச் சொன்னோம்: தனியே வாழ இயலாது, ஆயினும் வீட்டை விற்கவில்லை, அவரைக் கேளாமல் விற்கவும் மாட்டோம். வீட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்தோம். நெடுநேரம் அழுதார். பின் சாவியைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு, கிணற்றடி முருங்கைக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்டார்.

இப்போது முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் நம் முறை. அசர் தொழுகைக்குப் பின், ஒரு மணி நேரத்திற்கு மேற்படாமல். சென்ற ஞாயிறன்று கதவைத் தட்டிவிட்டுக் கால் மணி நேரம் வெளியே நின்றோம். பிறகு செவிலியர் வந்து திறந்தார். "நல்லாத் தட்டக் கூடாதா? மெதுவாத் தட்டுனா யாருக்குக் கேக்குது?" என்று மாமி கடிந்துகொண்டார். மணியை அழுத்தினால் அறைக்குள் விளக்கும் சேர்ந்து எரியுமாறு ஒன்று பொருத்தித் தர இல்லத்தாரிடம் கேட்டிருக்கின்றோம்.