நிழலைப் படிக்கும் படிப்பு

சங்கத்துப் பொங்கல் விழாவில் அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, “டாக்டர், பொண்ணு எம்.பி.பி.எஸ். முடிக்கப் போறா. ரேடியாலஜி எடுத்தா நைட் டியூட்டி இல்லை, பேஷண்ட் தொந்தரவு இல்லை, ஏ.சி. ரூம்ல உட்கார்ந்தே வேலை பார்க்கலாம்னு சொல்றாங்களே, நிஜமா?” என்று கேட்டார். விழாக் கூட்டத்தில் சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பயன்படுமே என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். படம் எடுப்பவர் ஒருவர், அதைப் படிப்பவர் வேறொருவர். எடுப்பவர் டெக்னாலஜிஸ்ட். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்தபின் பி.எஸ்ஸி. ரேடியோகிராஃபி போன்ற படிப்பு முடித்தவர். படித்து ரிப்போர்ட் எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பின் மூன்றாண்டு எம்.டி. அல்லது டி.என்.பி. படித்த மருத்துவர். இதற்கு நீட் பி.ஜி. தேர்வு உண்டு; எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்றவற்றில் எம்.டி. சேர ஐ.என்.ஐ.-சி.இ.டி. என்ற தனித் தேர்வு.

1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். சென்னையில் 1934-லேயே இதற்கென்று பர்னார்டு கதிரியல் நிலையம் திறந்துவிட்டார்கள். 1971-ல் ஒரு நோயாளிக்கு முதன்முதலாக சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. வந்தது. இன்றைய மாணவர் இவை அத்தனையையும் மூன்றே ஆண்டில் கற்றாக வேண்டும்.

எப்படிக் கற்கிறார்? ஓர் இரவைச் சொல்கிறேன். மணி இரண்டு. ஒரு பக்கம் கைகால் விழுந்துபோன ஒருவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். மூளையில் ரத்தக்குழாய் அடைத்ததா, வெடித்ததா? வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அடைப்பு என்றால், பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள், தகுந்தவர்களுக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். வெடிப்பு என்றால் அதே ஊசி எமன். சி.டி.யில் புது ரத்தம் வெள்ளையாகத் தெரியும். அடைப்போ முதல் சில மணி நேரம் தெரியாமலேயே இருக்கலாம். போதனா மருத்துவமனைகளில் பெரும்பாலும் அந்நேரத்தில் முதலில் பார்த்துச் சொல்வது, விழித்திருக்கும் ரெசிடென்ட் பிள்ளைதான். ஆக, நைட் டியூட்டி உண்டு, தாராளமாகவே உண்டு!

காலையில் பேராசிரியர் அதே படத்தைப் பார்ப்பார். “இந்த ஓரத்தை ஏன் விட்டே?” என்பார். சில நாள் கழித்து அறுவைச் சிகிச்சை நிபுணர், “நீங்க எழுதினது ஒண்ணு, உள்ளே இருந்தது ஒண்ணு” என்று வந்து சொல்வார். மனசு சுருங்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் படத்தை ஆயுசுக்கும் மறக்க முடியாது. போதனா மருத்துவமனையின் பெருமை இதுதான்: தவறைத் திருத்த ஆள் இருக்கிறார். சீட் தேர்ந்தெடுக்கும்போது என்ன மெஷின் இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். தினமும் கூட உட்கார்ந்து திருத்த எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

“கதிர் பட்டா உடம்புக்கு ஆகாதே?” என்பது தாய்மார்களின் கவலை. அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ்ரே கதிரே கிடையாது. மற்ற இடங்களில் ஈயக் கவசம், பட்ட கதிரை அளக்க மார்பில் டி.எல்.டி. பேட்ஜ். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, 5 ஆண்டுகளில் 100 மில்லிசீவர்ட்; எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பிணி என்று தெரிவித்தால் வரம்பு இன்னும் கடுமை.

இன்னொன்று. “தெரிஞ்சவங்கதானே, ஆணா பெண்ணான்னு சும்மா சொல்லுங்களேன்” என்று உறவினர்களே கேட்பார்கள். 1994-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். முதல் தடவைக்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு. முகம் கோணினாலும் முடியாது என்று சொல்லும் உறுதி இந்தத் துறைக்கு வேண்டும்.

படிப்புக்குப் பின்? சீனியர் ரெசிடென்ட், உதவிப் பேராசிரியர் என்று ஆசிரியர் பாதையில் போகலாம். மேற்கொண்டு நரம்புக் கதிரியலில் டி.எம். படிக்கலாம். ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாய் செலுத்திச் சிகிச்சையே செய்யலாம். அங்கே பேஷண்ட் நேருக்கு நேர்தான்.

கம்ப்யூட்டரே படித்துவிடாதா? 2016-ல் கணினி அறிஞர் ஜெஃப்ரி ஹின்டன், ரேடியாலஜிஸ்ட்களைப் பயிற்றுவிப்பதை நிறுத்திவிடலாம் என்றே சொன்னார். ஐந்தாண்டில் கம்ப்யூட்டர் மிஞ்சிவிடும் என்பது அவர் கணக்கு. அந்த ஐந்தாண்டு எப்போதோ கடந்துவிட்டது. மென்பொருள் துணைக்கு வந்திருக்கிறது. ஆனால் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க இன்றும் மனிதர்தான் வேண்டியிருக்கிறது.

அந்த அன்பருக்கு என் பதில் இதுதான்: சௌகரியத்துக்காக என்றால் வேண்டாம், ஸார். ஒரு நிழலைப் பார்த்ததும் “இது ஏன் இப்படி?” என்று உங்கள் பெண்ணுக்குக் கேட்கத் தோன்றுகிறதா? தோன்றினால் தைரியமாகச் சேருங்கள். அவளையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.