நூற்றில் மிஞ்சிய ஒன்று

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் சாவேஜ் என்றொரு சிற்றூர். அங்குள்ள பழைய பருத்தி ஆலையை ஒட்டி லிட்டில் பட்டக்ஸன்ட் என்ற சிற்றாறு ஓடுகிறது. அதன் குறுக்கே இரண்டு கண் கொண்ட சிவப்பு இரும்புப் பாலம் ஒன்று நிற்கிறது. நீளம் 160 அடி. ரயில் போன தடத்தில் இப்போது ஆட்கள் நடக்கிறார்கள்.

அமெரிக்க சிவில் பொறியாளர்கள் சங்கம் 1966இல் நாட்டின் கட்டுமான வரலாற்றுச் சின்னங்களை அறிவிக்கத் தொடங்கியபோது, முதல் இடம் இந்தப் பாலத்துக்குத்தான். ‘பால்மன் டிரஸ்’ வகையில் நூறு பாலங்கள்வரை கட்டப்பட்டன; இன்று நிற்பது இது மட்டும்.

இந்த வகையை வடிவமைத்த வெண்டல் பால்மன் பால்டிமோரில் ரொட்டி சுடுபவரின் மகன். தச்சு வேலை பார்த்தவர். பொறியியலைத் தானாகவே கற்றவர். பால்டிமோர் அண்ட் ஒஹையோ ரயில்வேயில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் மரப்பாலம் உளுத்துப்போகும், தீப்பிடிக்கும். கல் பாலத்துக்கோ செலவும் நாளும் அதிகம். இரும்பை எல்லோரும் சந்தேகத்தோடு பார்த்தார்கள். பால்மனின் முதல் இரும்புப் பாலம் 1850இல் எழுந்ததும் இதே சாவேஜில்தான். 1852இல் காப்புரிமை பெற்றார்.

டிரஸ் என்பது இரும்புத் துண்டுகளை முக்கோணம் முக்கோணமாகப் பூட்டிய சட்டகம். பாரம் ஏறினால் சில துண்டுகள் நசுங்கப் பார்க்கும், சில இழுபடும். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் பட்டென்று முறியும். தேனிரும்பு இழுவைக்குத் தாக்குப்பிடிக்கும். ஆகவே மேல் விட்டத்துக்கு வார்ப்பிரும்பு, சாய்வுக் கம்பிகளுக்குத் தேனிரும்பு.

இதுவரை மற்றவர்களும் செய்ததுதான். பால்மனின் தந்திரம் வேறு. வழக்கமான டிரஸ்ஸில் பாரம் கைமாறிக் கைமாறிக் கரைக்குப் போகும். நடுவில் ஒரு கை நழுவினால் பாலமே சரியலாம். இவரோ தளத்தின் ஒவ்வொரு குறுக்கு உத்தரத்தையும் தனித்தனி உறி போலத் தொங்கவிட்டார். ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு கம்பிகள் கிளம்பி, கண்ணின் இரு முனைகளிலும் உள்ள தூண் உச்சிகளுக்கு நேராகப் போகின்றன. ஓர் உறி அறுந்தாலும் மற்றவை விழாது. இரும்பை நம்பாத காலத்தில் ரயில்வே அதிகாரிகளுக்கு இதைவிட என்ன ஆறுதல் வேண்டும்?

குறையும் அந்தக் கம்பிகளில்தான் இருந்தது. நட்டநடு உறியைத் தவிர மற்றவற்றில் ஒரு கம்பி குட்டை, மற்றது நீளம். வெயிலில் நீளமான கம்பி கூடுதலாக விரியும், குளிரில் கூடுதலாகச் சுருங்கும். எல்லாக் கம்பிகளையும் ஒரே முறுக்கில் வைத்திருப்பது ஓயாத வேலை. ரயில் எஞ்சின்களின் எடையும் ஏறிக்கொண்டே போனது. 1870களில் புதிதாக இந்த வகைப் பாலம் கட்டுவதே நின்றுபோனது.

இன்றுள்ள பாலம் 1869இல் முதன்மை ரயில் பாதைக்காகச் செய்யப்பட்டது. அங்கே வேலை முடிந்ததும் தூக்கி எறியாமல், 1887இல் சாவேஜ் ஆலைக்குப் போகும் கிளைப்பாதையில் கொண்டுவந்து பொருத்தினார்கள். எப்போதாவது வரும் சரக்கு வண்டிதான் அதன் சுமை. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்ற ஊரில் பெயரோடு நின்ற பெரிய பால்மன் பாலத்தை 1936 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஆலைக்குப் பின்னால் ஒதுங்கிய இது தப்பியது. இதன் முகப்பு இரும்பில் பால்மனின் பெயரை இன்றும் படிக்கலாம்.